ஓடுதளம் துறந்த ஹார்லி

2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 'வி-ராட்' என்னும் புதிய மோட்டார் சைக்கிளை உலகிற்கு அறிமுகம் செய்தது. அதற்கு அடுத்த திங்களே அந்நிறுவனம் மற்றோர் அறிவிப்பையும் வெளியிட்டது. தார்த்தள வேகப் பந்தயங்களில் 1994 முதல் தான் ஓட்டிவந்த 'வி.ஆர். 1000' என்னும் வண்டியைக் களத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அது கூறிற்று. முதல் அறிவிப்பைக் கொண்டாடியவர் பலர். இரண்டாவதைக் கவனித்தவர் சிலர். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. களத்திலிருந்து விலக்கப்பட்ட பந்தய வண்டியின் இயந்திரமே உருமாறிப் புதிய வண்டியின் நடுவில் வீற்றிருந்தது. வெற்றி பெறுவதற்கென்று பிறந்த இயந்திரம் ஊர்வலம் போகும் வண்டிக்குத் தரப்பட்டது ஏன் என்பதை அறிய, அந்நிறுவனத்தின் நூறாண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள்களில் வகை பல உண்டு. அவற்றுள் இரண்டைப் பிரித்தறிந்தால் இங்கே போதும். ஒன்று, பந்தய வண்டியின் சாயலில் சாலைக்கென்று செய்யப்படும் 'ஸ்போர்ட் பைக்'. ஓட்டுபவர் பெட்ரோல் தொட்டியின்மேல் கவிழ்ந்து படுத்தாற்போல் குனிந்திருப்பார். கால்கள் பின்னோக்கி மடங்கியிருக்கும். வண்டி எடை குறைந்ததாகவும் இயந்திரம் மிகு விரைவில் சுழல்வதாகவும் இருக்கும். மற்றொன்று 'க்ரூசர்' எனப்படும் உலா வண்டி. தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிய கால்கள், அகன்ற கைப்பிடி, மெல்லச் சுழன்று பெருவிசை தரும் கனத்த இயந்திரம் ஆகியவை அதன் அடையாளங்கள். முன்னதை வாங்குபவர், இவ்வாண்டு வந்த வண்டி சென்ற ஆண்டு வண்டியை வெல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பின்னதை வாங்குபவரோ, தம் தந்தையார் காலத்து வண்டியின் தோற்றமும் ஒலியும் மாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார். மாற்றத்தை வேண்டுபவர் ஒருவர். மாறாமையை வேண்டுபவர் மற்றவர். இவ்விருவரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் போற்ற முயன்று, இறுதியில் ஒருவரைக் கைவிட்ட நிறுவனம் ஹார்லி.

தொடக்கத்தில் இந்தப் பிளவு இல்லை. 1903ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், டேவிட்சன் குடும்பத்தார் வீட்டுப் பின்புறத்தில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட ஒரு மரக்கொட்டகையே தொழிற்சாலையாக இருந்தது. வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன், வால்ட்டர் டேவிட்சன் ஆகியோர் தொடங்கிய அத்தொழிலில் மூத்தவரான வில்லியம் டேவிட்சனும் பின்னர்ச் சேர்ந்துகொண்டார். பந்தயத்தின் பயனை அவர்கள் விரைவிலேயே உணர்ந்தனர். 1908ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைச்சாலைகளில் நடந்த தாங்குதிறன் போட்டியில் வால்ட்டர் டேவிட்சன் தாமே வண்டியை ஓட்டி, 1000 புள்ளிகளை முழுமையாகப் பெற்றார். நிறுவனத்தின் தலைவரே சேறும் புழுதியும் படிய ஓட்டி வென்ற வண்டி என்பதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு என்ன வேண்டும்?

1914ஆம் ஆண்டில் நிறுவனம் முறையான பந்தய அணி ஒன்றை அமைத்தது. எதிரணிகளைச் சிதறடித்த அந்த அணிக்குத் 'தகர்க்கும் படை' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வழங்கிற்று. அணி வீரர் ஒருவர் பன்றிக்குட்டி ஒன்றை வளர்த்தார். வெற்றிக்குப்பின் அதனை வண்டியின் தொட்டிமேல் அமர்த்தி வலம் வருவது வழக்கமாயிற்று. பன்றியைக் குறிக்கும் 'ஹாக்' என்ற ஆங்கிலச் சொல் ஹார்லி வண்டிகளோடு ஒட்டிக்கொண்டதற்கு இதனையே காரணமாகச் சொல்வர். 1921 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்துப் பலகை ஓடுதளத்தில் அவ்வணியின் ஓட்டோ வாக்கர், சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டும்படி ஓட்டி ஒரு பந்தயத்தை வென்றார். அதற்குமுன் எந்தப் பந்தயமும் அவ்வேகத்தில் வெல்லப்பட்டதில்லை. ஆனால் போருக்குப் பிந்திய பொருளாதார மந்தம் அவ்வாண்டில் விற்பனையைப் பாதிக்கும் கீழே தள்ளிவிட்டது. புகழின் உச்சியில் நின்ற அணி, அதே ஆண்டின் முடிவில் கலைக்கப்பட்டது. பணப்பெட்டி மெலிந்தவுடன் பந்தயப் பிரிவைக் கத்தரிக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ஹார்லி பின்னர்க் களத்துக்குத் திரும்பியபோது அதனைக் காத்து நின்றவற்றுள் அதன் இயந்திரத்தோடு சட்டப் புத்தகத்தையும் சேர்க்க வேண்டும். 1930களில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் வகுத்த விதி இது: வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்த இயந்திரமாயின் 750 சி.சி. வரை இருக்கலாம்; வால்வுகள் தலைமேல் அமைந்ததாயின் 500 சி.சி.யே எல்லை. பக்க வால்வு முறை பழையது. காற்றை உள்ளிழுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அக்குறையை ஈடுசெய்யவே இந்தக் கூடுதல் அளவு தரப்பட்டது. ஹார்லியிடம் இருந்தது பக்க வால்வு. கடல் கடந்து வந்த பிரிட்டிஷ் வண்டிகளிடம் இருந்தது தலை வால்வு. விதியின் நிழலில் பழைய இயந்திரம் நெடுநாள் வாழ்ந்தது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் புளோரிடாவின் டேடோனா 200 மைல் பந்தயத்தைக் கால் ரேபர்ன் என்னும் வீரர் அத்தகைய பக்க வால்வு வண்டியில்தான் வென்றார். உலகின் பிற பகுதிகளில் பந்தயக்காரர் என்றோ கைவிட்ட முறை அது. 1970ஆம் ஆண்டு டேடோனாவில் அந்தச் சலுகை இல்லை. எல்லார்க்கும் 750 சி.சி. என்றாயிற்று. அவ்வாண்டு வென்றவர் டிக் மேன். அவர் ஓட்டியது ஹோண்டா நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் வண்டி.

புதிய விதிக்கென்று ஹார்லி செய்த 'எக்ஸ்.ஆர். 750' முதலில் சூடேறித் தொல்லை தந்தது. 1972இல் அலுமினியத் தலையுடன் மீண்டும் வார்க்கப்பட்டபின், மண் ஓடுதளங்களில் அதற்கு இணையாக நிற்கப் பல ஆண்டுகள் எந்த வண்டியாலும் இயலவில்லை. தார்த்தளத்திலோ நிலைமை வேறு. அங்கே ஜப்பானிய வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு விரைவு பெற்றன. ஆயினும் வீரன் ஒருவனின் கைத்திறன் சில வேளைகளில் இயந்திரத்தின் குறையை மறைத்துவிடும். 1972இல் கால் ரேபர்ன் இங்கிலாந்துக்குச் சென்று, முன்பின் பார்த்திராத ஓடுதளங்களில், காலாவதியான இரும்புத்தலை எக்ஸ்.ஆர். வண்டியை ஓட்டி, ஆறு ஓட்டங்களில் மூன்றை வென்று காட்டினார். மறு ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தில் நடந்த பந்தயமொன்றில், வேறொரு வண்டியை ஓட்டுகையில் அவர் உயிரிழந்தார்.

இதே காலத்தில் ஹார்லியின் பெயர் ஐரோப்பாவில் பெற்ற பெருமையைப் பலர் அறியார். 1960ஆம் ஆண்டில் இத்தாலியின் வரேசே நகரத்து ஏர்மாக்கி நிறுவனத்தில் ஹார்லி பாதிப் பங்கு வாங்கியிருந்தது. பின்னர் அது முழுவதும் ஹார்லிக்கு உரியதாயிற்று. அங்கே உருவான சிறிய பந்தய வண்டிகளில் ஏறி, வால்ட்டர் வில்லா என்னும் இத்தாலிய வீரர் 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 250 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 1976இல் 350 சி.சி. பட்டத்தையும் சேர்த்தே பெற்றார். நான்கு உலகப் பட்டங்கள்! ஆனால் மில்வாக்கி வண்டியை வாங்கும் அமெரிக்கருக்கு அவற்றால் ஆன பயன் யாது? அவர் விரும்பிய வண்டிக்கும் வில்லா ஓட்டிய வண்டிக்கும் பெயர் ஒன்றே தவிர வேறு உறவில்லை. 1978இல் வரேசே தொழிற்சாலை கஸ்திலியோனி சகோதரர்களுக்கு விற்கப்பட்டது. இக்குடும்பத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நலம். கதையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

ஹார்லியின் தலைவிதியை முடிவு செய்த ஆண்டுகள் 1976 முதல் 1984 வரை எனக் கொள்ளலாம். 1969 முதல் ஏ.எம்.எஃப். என்னும் பெருநிறுவனத்தின் கையில் இருந்த ஹார்லி, அக்காலத்தில் இரண்டு வழிகளை ஒருங்கே ஆராய்ந்தது. ஒன்று 'நோவா' என்று பெயரிடப்பட்ட திட்டம். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தாரின் துணையோடு, நீரால் குளிர்விக்கப்படும் புத்தம்புதிய இயந்திரக் குடும்பம் ஒன்றை, இரண்டு முதல் ஆறு சிலிண்டர்கள் வரை பலவகையாக உருவாக்குவது அதன் நோக்கம். மற்றொன்று, காற்றால் குளிரும் பழைய இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தை அதன் வடிவம் கெடாமல் உள்ளுக்குள் சீர்திருத்துவது. 1981இல் வான் பீல்ஸ் தலைமையில், நிறுவனரின் பேரர் வில்லி ஜி. டேவிட்சன் உள்ளிட்ட பதின்மூவர் கடன் வாங்கி, ஏ.எம்.எஃப். நிறுவனத்திடமிருந்து ஹார்லியை மீட்டனர். கடன் சுமையோடு பிறந்த புதிய நிர்வாகத்திடம் இரண்டு வழிகளுக்கும் பணம் இல்லை. நோவா கைவிடப்பட்டது. பழைய இயந்திரத்தின் சீர்திருத்தமே 'எவல்யூஷன்' என்ற பெயரில் 1984ஆம் ஆண்டு வண்டிகளில் இடம்பெற்றது.

அந்தப் பழைய இயந்திரத்தின் இயல்பை அறியாமல் இவ்வரலாற்றின் உட்பொருளை அறிய இயலாது. இரண்டு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் ஆங்கில 'வி' எழுத்துப்போல் சாய்ந்து நிற்கும். இரண்டு பிஸ்டன் தண்டுகளும் ஒரே அச்சாணியில் கோக்கப்பட்டிருக்கும். ஆதலால் இரு வெடிப்புகளுக்கு இடையே கால அளவு சமமாக இராது. ஒரு வெடிப்புக்குப்பின் 315 பாகை சுழன்றதும் அடுத்த வெடிப்பு. அதன்பின் 405 பாகை சுழன்ற பிறகே மறுபடி முதல் சிலிண்டரின் முறை. நொண்டி நடப்பதுபோன்ற இந்தத் தாளமே ஹார்லியின் புகழ்பெற்ற ஒலி. பொறியியல் நோக்கில் இது ஒரு குறை: நடுக்கம் மிகுதி, மிக விரைவாகச் சுழற்றவும் இயலாது. வாங்குபவர் நோக்கிலோ அதுவே உயிர். 1994இல் இந்த ஒலியையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய ஹார்லி விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தமையால் 2000ஆம் ஆண்டில் அம்முயற்சியைக் கைவிட்டது. தான் விற்பது இன்னது என்பதை அந்நிறுவனம் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தது என்பதற்கு இவ்விண்ணப்பம் ஒன்றே சான்று.

மற்றொரு சான்று 1984இல் வந்த 'சாஃப்டெயில்' வண்டி. 1958க்கு முற்பட்ட பெரிய ஹார்லி வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில் சுருள்வில் இல்லை. குழியில் விழுந்தால் முதுகெலும்பே சொல்லும். ஆனால் சுருள்வில் இல்லாத அந்தப் பின்பகுதியின் நேர்க்கோட்டு அழகை மக்கள் மறக்கவில்லை. சாஃப்டெயிலில் சுருள்வில்கள் உண்டு. அவை பற்சக்கரப் பெட்டிக்கு அடியில் கண்ணுக்குப் படாமல் ஒளித்து வைக்கப்பட்டன. பிற நிறுவனங்கள் புதுமையை வெளியே காட்டி விற்றன. ஹார்லியோ புதுமையை மறைத்துப் பழமையைக் காட்டி விற்றது. இதனை ஏமாற்று என்று எள்ளுவாரும் உளர். வாங்குபவர் எதனைக் கேட்டாரோ அதனைக் குறைவின்றிச் செய்துகொடுத்த தொழில்நேர்மை என்று கொள்வதே பொருத்தம்.

1983 ஏப்ரலில் அதிபர் ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கான வரியை 4.4 விழுக்காட்டிலிருந்து 49.4 விழுக்காடாக உயர்த்தி, ஐந்தாண்டுகளில் படிப்படியாகக் குறையுமாறு ஆணையிட்டார். ஜப்பானியர் சிலர் 750 சி.சி. வண்டிகளை 700க்குக் கீழே சுருக்கி வரியைத் தாண்டினர் என்பது வேறு கதை. ஹார்லி அந்த இடைவெளியில் மூச்சு வாங்கித் தரத்தை உயர்த்திக்கொண்டு, 1987இல் காலக்கெடு முடியுமுன்னரே, வரிப் பாதுகாப்பு இனி வேண்டா என்று தானே தெரிவித்தது. வரி விதிக்கப்பட்ட அதே 1983இல்தான் உரிமையாளர் சங்கமும் தொடங்கப்பெற்றது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹாக்' என்று வரும். ஒருகாலத்தில் பந்தய வெற்றியின் சின்னமாயிருந்த பன்றிக்குட்டி, இப்போது வார இறுதியில் கூட்டமாக உலாப்போகும் குடும்பத்தினரின் சின்னமாயிற்று.

நிறுவனம் உலா வண்டியின் பாதையில் உறுதியாக நடந்த அந்நாளில், அதன் உள்ளேயிருந்து ஒருவர் வேறு திசையைப் பார்த்தார். அவர் பெயர் எரிக் பியூவெல். ஹார்லியில் பொறியாளராகப் பணியாற்றியவர். தாமும் பந்தயம் ஓட்டியவர். 1980களின் முற்பகுதியில் வேலையை விட்டு விலகி, நான்கு சிலிண்டர் கொண்ட 750 சி.சி. டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டி ஒன்றைத் தம் முயற்சியில் உருவாக்கினார். வண்டி விற்பனைக்குத் தயாரான வேளையில், அது எந்தப் பிரிவுக்கென்று செய்யப்பட்டதோ அந்தப் பிரிவையே கைவிட அமெரிக்கச் சங்கம் முடிவெடுத்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய படகுக்கு ஆறே வற்றிப்போன நிலை அது. ஆயினும் அவர் தளரவில்லை. ஹார்லியிடம் எஞ்சிக் கிடந்த எக்ஸ்.ஆர். 1000 இயந்திரங்களைப் பெற்று, தாம் வரைந்த சட்டகத்தில் பொருத்தி, 'ஆர்.ஆர். 1000' என்ற பெயரில் ஐம்பது வண்டிகள் செய்தார். நடுங்கும் இயந்திரத்தை ரப்பர்த் தாங்கிகளில் தொங்கவிட்டு, அதனையே சட்டகத்தின் உறுப்பாகவும் பயன்படுத்திய அவர் முறையைப் பார்த்தவர்கள் வியந்தனர். 1993இல் ஹார்லி அவர் நிறுவனத்தில் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 1998இல் ஏறத்தாழ முழுவதும் ஹார்லிக்கு உரியதாயிற்று.

இதற்கிடையே மில்வாக்கியிலும் பந்தய ஆசை முற்றாக அணைந்துவிடவில்லை. 1983இல் ஜே ஸ்பிரிங்ஸ்டீன் 'லூசிஃபர்ஸ் ஹாமர்' என்ற வண்டியில் ஏறி டேடோனாவில் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்குரிய பந்தயத்தை வென்றது அந்த ஆசைக்கு நெய் வார்த்தது. 1988இல் ஒரு புதிய பந்தய வண்டிக்கான வேலை தொடங்கிற்று. அதுவே வி.ஆர். 1000. முன்னோரின் 45 பாகைக் கோணத்தை உதறிவிட்டு, 60 பாகைக் கோணம்; நீர்க் குளிர்வு; சிலிண்டருக்கு நான்கு வால்வு; மின்னணு எரிபொருள் செலுத்தம். கைவிடப்பட்ட நோவாவின் கனவு பந்தயக் கூடத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். வண்டியின் ஒரு பக்கம் ஆரஞ்சு நிறம், மறுபக்கம் கறுப்பு. விதிப்படி சாலைக்கும் விற்கப்பட வேண்டும் என்பதற்காக ஐம்பது வண்டிகள் செய்யப்பட்டன.

குறை ஒன்று உண்டு. அது பெரிய குறை. 1988இல் கருவுற்ற வண்டி 1994இல்தான் டேடோனாவில் களமிறங்கியது. பந்தய உலகில் ஆறாண்டு என்பது ஒரு தலைமுறை. அதற்குள் இத்தாலிய டுகாட்டியும் ஜப்பானிய நான்கு சிலிண்டர் வண்டிகளும் நெடுந்தூரம் போய்விட்டன. முதலாண்டில் மிகேல் டூஹாமெல் சில இடங்களில் முன்னணிக்கு வந்து நம்பிக்கை ஊட்டினார். மறு ஆண்டே ஹோண்டாவுக்குப் போய், அங்கே தேசியப் பட்டத்தை வென்றுவிட்டார். டேடோனா 200 பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஸ்காட் ரசலையும் ஹார்லி அமர்த்திப் பார்த்தது. பயன் இல்லை. பரிசு மேடையில் சில முறை இடம் கிட்டியது. முதலிடம் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. எட்டுப் பருவங்கள் இவ்வாறே கழிந்தன. இதனைப் பொறியாளர்களின் திறமைக்குறைவு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று பந்தய வண்டியில் செலவிடும் பணம், மறு ஆண்டே சாலை வண்டி விற்பனையில் திரும்பி வரும்; ஆதலால் ஆண்டுதோறும் புதிய இயந்திரம் செய்ய அதனால் முடியும். வி.ஆர். 1000 வண்டிக்குச் சாலையில் உடன்பிறப்பு இல்லை. அது வென்றாலும் கடையில் விற்பதற்கு அதன் சாயலில் ஒரு வண்டி இல்லை. தோற்றாலும் கடையில் விற்பனை குறையவில்லை. வெற்றியும் தோல்வியும் ஒன்றாகிவிட்ட களத்தில் ஒரு நிறுவனம் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவேதான் 2001இல் அந்த இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. பந்தயக் கூடத்தில் கற்ற 60 பாகை இயந்திரத்தைப் போர்ஷே பொறியாளர்களின் துணையோடு 1130 சி.சி.யாகப் பெருக்கி, 115 குதிரைத்திறன் தரச் செய்து, தாழ்ந்து நீண்ட வி-ராட் வண்டியில் அமர்த்தினர். வண்டி அழகானது, வேகமும் குறைவில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர் பலருக்கு அதன் ஒலி அன்னியமாக இருந்தது. நொண்டித் தாளம் இல்லாத ஹார்லியை அவர்கள் ஹார்லியாகவே ஏற்கவில்லை. பந்தயக்காரருக்கோ அது பந்தய வண்டி அன்று. இரு கரையிலும் கால் ஊன்றாத அவ்வண்டி 2017ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது.

ஸ்போர்ட் பைக் செய்வதற்கென்றே இருந்த பியூவெல் நிறுவனத்துக்கு அந்த நீர்க்குளிர்வு இயந்திரம் போகவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தை. பியூவெல் பழைய காற்றுக்குளிர்வு இரட்டையோடே போராடினார். இயந்திரத்தில் பெற முடியாததை அமைப்பில் பெற முனைந்தார். 2002இல் வந்த அவருடைய வண்டியில் பெட்ரோல் தொட்டி என்று தனியாக ஒன்று இல்லை. சட்டகத்தின் உட்குழிவே பெட்ரோலைத் தாங்கிற்று. எஞ்சின் எண்ணெய் பின்சக்கரத்தைத் தாங்கும் கரத்துக்குள் இருந்தது. முன் பிரேக் தட்டு, சக்கரத்தின் நடுவில் அன்றி விளிம்பிலேயே பூட்டப்பட்டிருந்தது. எடை நடுவில் குவிய வேண்டும், சட்டகம் வளையாது நிற்க வேண்டும், சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடை குறைய வேண்டும் என்ற மூன்று கொள்கைகளின் வடிவம் அது. இத்தனைக்கும் அதன் ஆற்றல் சுமார் 100 குதிரைத்திறன் அளவே; ஜப்பானிய வண்டிகள் அதனைப் பின்னே விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கடைசியில் 2008ஆம் ஆண்டு வண்டியாக வந்த '1125ஆர்' வண்டிக்கு, ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்திடம் 146 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைச் செய்வித்துக்கொண்டார். அதே 2008 ஆகஸ்டில் ஹார்லி, இத்தாலியின் பெயர்பெற்ற எம்.வி. அகுஸ்தா நிறுவனத்தை ஏறத்தாழ 70 மில்லியன் யூரோ மதிப்பில் வாங்கிற்று. விற்றவர்கள் 1978இல் ஏர்மாக்கியை வாங்கிய அதே கஸ்திலியோனி குடும்பத்தினர். தொழிற்சாலையும் அதே வரேசே ஏரிக்கரையில்தான்.

பந்தய வழி மீண்டும் திறந்தது என்று எண்ணத்தக்க அந்த வேளையில் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. 2006இல் ஏறத்தாழ 349,000 வண்டிகளை அனுப்பிய ஹார்லி, 2009இல் சுமார் 223,000 வண்டிகளையே அனுப்பிற்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 15 விழுக்காட்டு வட்டிக்கு 600 மில்லியன் டாலர் கடன் வாங்கவும் நேர்ந்தது. மே திங்களில் கீத் வாண்டெல் தலைமைப் பொறுப்பேற்றார். அவர் மோட்டார் வண்டி உறுப்புத் தொழிலிலிருந்து வந்தவர்.

2009ஆம் ஆண்டின் அமெரிக்கப் பந்தயப் பருவத்தில் டேனி எஸ்லிக் என்னும் வீரர் 1125ஆர் வண்டியில் ஏறி 'டேடோனா ஸ்போர்ட்பைக்' பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றார். எரிக் பியூவெல் பல்லாண்டு காத்திருந்த பட்டம் அது. அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பியூவெல் வண்டிகளின் உற்பத்தியை நிறுத்துவதாகவும் எம்.வி. அகுஸ்தாவை விற்றுவிடப் போவதாகவும் ஹார்லி அறிவித்தது. விஸ்கான்சினின் ஈஸ்ட் டிராய் ஊரில் ஏறத்தாழ 180 பேர் வேலை இழந்தனர். பியூவெல் ஒளிப்படக்கருவியின்முன் நின்று, கலங்கிய கண்களோடு, தம் தொழிலாளர்க்கும் வாடிக்கையாளர்க்கும் நன்றி கூறினார். நிறுவனம் அவர் பெயரில் இருந்தது. அதனை மூடும் முடிவு அவர் கையில் இல்லை. மறு ஆண்டு எம்.வி. அகுஸ்தா, கிளாடியோ கஸ்திலியோனியின் கைக்கே திரும்பிற்று. விலை மூன்று யூரோ. அதோடு நடைமுறைச் செலவுக்கென்று 20 மில்லியன் யூரோவையும் ஹார்லியே ஒதுக்கிவைத்துக் கொடுத்தது. பெண்ணையும் கொடுத்துப் பொன்னையும் கொடுத்த கதை.

வணிகக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இம்முடிவில் குறை காண இயலாது. உலா வண்டி ஈட்டித் தந்த பணத்தைத்தான் பந்தய வண்டிகள் தின்றன. கப்பல் மூழ்கும்போது எந்த மூட்டையை முதலில் கடலில் எறிவது என்பதில் கப்பல் தலைவனுக்கு ஐயம் இராது. எனினும் எறியப்பட்ட மூட்டையில் இருந்தவை இரும்பும் அலுமினியமும் மட்டும் அல்ல. இளைஞர்களை ஈர்க்கும் வண்டியைச் செய்யத் தெரிந்த பொறியாளர் குழு ஒன்று கலைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் ஹார்லியின் வழக்கமான வாடிக்கையாளர் முதுமை எய்த, புதியவரைத் தேடி அந்நிறுவனம் அலைந்தபோது, முன்பு மூடிய கதவின் அருமை தெரிந்திருக்கக்கூடும். பியூவெல் தம் சொந்த முயற்சியில் மீண்டும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் ஹீரோ நிறுவனம் 2013இல் அதில் 49.2 விழுக்காட்டுப் பங்கை எடுத்தது. உலகப் பந்தயங்களிலும் அவ்வண்டிகள் ஓடின. 2015 ஏப்ரலில் கடன் சுமையால் அதுவும் நின்றுபோயிற்று.

ஹார்லியோ தார்த்தளத்துக்கு மீண்டும் வந்தது; ஆனால் ஒருவரும் எதிர்பாராத வண்டியோடு. 2020 அக்டோபரில் கலிபோர்னியாவின் லகூனா சேக்கா ஓடுதளத்தில், பக்கப் பெட்டிகளும் முன்மறைப்பும் பொருத்திய நெடும்பயண வண்டிகளுக்கென்று ஒரு பந்தயம் நடத்தினர். வேடிக்கைக்காகத் தொடங்கிய அது, பார்த்தவர்களின் ஆரவாரத்தால் மறு ஆண்டே தேசியத் தொடராக வளர்ந்தது. முதற்பந்தயத்தை வென்றது போட்டி நிறுவனமான இந்தியன் மோட்டார் சைக்கிளின் வண்டி. 2021இல் ஹார்லி தன் சொந்தத் தொழிற்சாலை அணியையே இறக்கிற்று. 600 பவுண்டுக்கு மேல் எடையுள்ள 'ரோட் கிளைடு' வண்டியைக் கைல் வைமன் என்னும் வீரர் முழங்கால் தரையில் உரசும்படி சாய்த்து ஓட்டி, அவ்வாண்டுப் பட்டத்தை வென்றார். வண்டியின் இருபுறமும் துணிமணி வைக்கும் பெட்டிகள் இருந்தன. வளைவில் சாயும்போது அவை தரையில் தட்டாதபடி வண்டியை உயர்த்தி அமைத்திருந்தனர். இயந்திரம் அதே 45 பாகை இரட்டை.